நார்த்தங்காய்ச் சீட்டும் ஒரு ஜாண் சுறாவும்

பொருநைக் கரை உயிரியல் கழகத்தின் தலைமை இருக்கையில் இருபது ஆண்டுகளாக அசையாமல் அமர்ந்திருக்கும் பேராசிரியர் சங்கரசுப்பிரமணியன் அவர்களே! தூத்துக்குடியிலிருந்து கடலின் ஆழத்தையெல்லாம் ஒரு கணினிக்குள் அடக்கிக்கொண்டு வந்திருக்கும் ஆய்வாளர் ரீபா அவர்களே! பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பெற்றோருக்கு முன்பே பார்த்துவிடும் மருத்துவர் பெர்லின் அவர்களே! பாளையங்கோட்டையின் பெருமை மிக்க பெரியோர்களே! மேலப்பாளையத்திலிருந்து என் பொருட்டு வந்திருக்கும் ஹபீப் முகம்மது அண்ணாச்சி அவர்களே, அவரை அழைத்து வந்திருக்கும் அவர் மனைவி சித்தி ஜனாபா அவர்களே! பெற்றும் வளர்த்தும், வளர்ந்தவர்களிடம் திட்டு வாங்கியும் சலிக்காமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, இனி இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டோம் என்ற உறுதியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே!

எல்லாருக்கும் மேலாக, இந்த மேசையின் மேல் பச்சைப் பட்டுத் துணிக்குள், முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரு வார்த்தையும் பேசாமல், அதனாலேயே இந்த மேடையில் எவரையும் விட மரியாதைக்குரியவராக வீற்றிருக்கும் இன்றைய விழா நாயகியே! உங்கள் அனைவருக்கும் இந்த ஜெபகனி தேவதாசனின் வணக்கங்கள், ஸ்தோத்திரங்கள், ஸலாம்.

கைதட்டாதீர்கள். தட்ட வேண்டிய இடம் பின்னால் வருகிறது. அப்போது கை வலிக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது.

எனக்கு முன்னால் பேசிய தம்பி கடலை மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் வேறு வேறு ஆழம் வந்தது. நான் அளக்கப்போவதில்லை. நான் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கோடு போட்ட தாளில் கோட்டுக்கு மேல் ஒரு எழுத்து எழும்பினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வைத்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான், இந்த விழாவின் அழைப்பிதழில் இருந்த மூன்று பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் தலைவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை.

ஆனால் நான்காவதாக ஒரு பிழை இருக்கிறது. அதை நான் அன்று திருத்தவில்லை. அழைப்பிதழின் கடைசி வரியைப் பாருங்கள். 'திரை விலக்குபவர்: திருமதி ஜெபகனி தேவதாசன்.' அதுதான் பிழை. இந்தத் துணியை விலக்கும் தகுதி எனக்கு இல்லை. தகுதி உள்ளவர் இந்த மண்டபத்தின் பின் வாசலில் நிற்கிறார். நான் கழகத்தாரிடம் சொல்லி வரவழைத்ததால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இருநூறு நாற்காலிகளையும் காலையில் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவர். பெயர் பிச்சைக்கண்ணு. இப்போதுதான் தன் பெயரைக் கேட்டு நிமிர்கிறார். பிச்சைக்கண்ணு, போய்விடாதீர்கள்! கொஞ்சம் நில்லுங்கள்.

என் திருச்சபையார் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. 'இவனா?' என்று கேட்கிறீர்கள். உங்களை அப்படிக் கேட்க வைத்தவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். சுறாவில் தொடங்கி ஊறுகாய் வழியாக அந்தப் பின் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சுறா என்றால் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? கப்பலைப் புரட்டும் பூதம். கடித்தால் காலைக் கேட்கும் கோரம். இல்லையென்றால் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு. இவ்வளவுதானே? நான் சொல்லும் சுறா அப்படிப்பட்டதல்ல. நம்முடைய மன்னார் வளைகுடாவில், கதிரவன் கால் வைக்காத கருந்தண்ணீரில், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுபோல் இருக்கும் காரிருளில், கடலடிச் சேற்றை ஒட்டி வாழ்கிறது அது. இறாலையும் பொடி மீனையும் தின்றுகொண்டு, எவர் காலையும் கேட்காமல் கண்ணியமாகக் காலம் கழிக்கிறது. நாடாவைப் போல நீண்ட வால். உடல் முழுவதும் பழுப்பு. முழுதாக வளர்ந்தாலும் நீளம் எவ்வளவு? இதோ, என் கையைப் பாருங்கள். ஒரு ஜாண். அவ்வளவுதான். எரிடாக்னிஸ் ராட்கிளிஃபி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை நீட்டி எழுதினால் மீனை விட நீளமாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, டிசம்பர் இருபத்து நான்கு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வஞ்சிரம் வாங்கி வாருங்கள் என்று என் கணவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். அவர் இந்த ஊர்க் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். அனுப்பியது என் தவறு. துறைமுகத்தில் இறால் பொறுக்கிய பின் ஒதுக்கித் தள்ளிய குவியலில் இதைக் கண்டிருக்கிறார். வஞ்சிரத்தை மறந்தார். நான் பூவேலை செய்து கொடுத்த வெள்ளைக் கைக்குட்டையில் இதைச் சுற்றிக்கொண்டு, பேருந்தில் பக்கத்து இருக்கையில் எவரையும் உட்காரவிடாமல், வீடு வந்து சேர்ந்தார். உட்காரவிடாததற்கு அவர் காரணம் இல்லை, வாடை காரணம்.

"விருந்துக்கு மீன் எங்க?" என்றேன்.

"இதப் பாரு ஜெபா, இதப் பாரு!" என்றார்.

"இத வச்சு எத்தன பேருக்குக் கொழம்பு வைக்கது?"

சமையலறைக்குள் போனார். என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஒன்றை எடுத்து, அதில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு பாத்திரத்தில் கொட்டி, ஜாடியைக் கழுவி, இதை உள்ளே வைத்து, கல்லூரியிலிருந்து கொண்டு வந்த மருந்தை ஊற்றி, கறுப்பு மையில் அழகாக ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். அன்று முதல் எனக்குப் பதினொரு ஜாடிதான். அந்த ஒரு ஜாடிக்காக நான் அவரோடு பேசாமல் இருந்த நாட்கள் பதினேழு. தாய்மார்களே, ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டு ஜாடி போயிருந்தால் தெரியும்.

அந்த மீன் வளர்ந்த சுறா என்று அவர் சொன்னார். ஊர் சொன்னது என்ன? குட்டி! கல்லூரி சொன்னது என்ன? குட்டி! தூத்துக்குடி ஆய்வு நிலையத்துப் பெரிய மனிதர் ஒருவருக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினார். அவர் ஒரு வரியில் பதில் போட்டார். அதிலும் என்ன? குட்டி! அப்போது இந்த ஊர்க் கல்லூரிகளில் மீன் தெரிந்தவர்கள் ஆற்று மீன் தெரிந்தவர்கள். நம் தலைவர் அவர்களோ வயல் தவளைகளில் நிபுணர். 'என்னவே தேவதாசன், குட்டிச்சுறா தவழ ஆரம்பிச்சிட்டா?' என்று ஆசிரியர் அறையில் முதலில் கேட்டவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இப்போது தண்ணீர் குடிக்கிறார்.

அன்றிலிருந்து என் கணவரின் பெயர் 'குட்டிச்சுறா சார்'. பணி ஓய்வு விழாவில்கூட அப்படித்தான் வாழ்த்தினார்கள். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து ஜாடிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்: "சின்னதா இருந்தா குட்டின்னு யாரு ஜெபா சொன்னா? ஒன்ன விட ஒங்க டி.இ.ஓ. ஒசரம். அதுக்காவ நீ அவருக்குக் குட்டியா?"

நான் என்ன சொன்னேன்? ஆறுதல் சொன்னேனா? இல்லை. "அந்த ஜாடியக் காலி பண்ணித் தாங்க" என்று சொன்னேன். அவர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. ஜாடியை நான் காலி செய்யவில்லை. முன் அறை பீரோவின் மேல் அது நின்றது. தினமும் காலையில் துடைப்பேன். துடைக்கும்போது 'குட்மார்னிங் மிஸ்டர் தேவதாசன்' என்று சொல்வேன். வேறு யாரிடம் சொல்வது?

மணி அடிக்கிறீர்களா தலைவரே? அடியுங்கள். உங்களுக்குத் தண்ணீர் குடிக்கும் வேலையும் மணி அடிக்கும் வேலையும் இருக்கின்றன. எனக்கு இந்த ஒரு வேலைதான்.

இப்போது ஊறுகாய்க்கு வருவோம். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. விளைந்ததில் முதலாவதை ஆண்டவருக்குப் படைக்கும் நாள். வாழைத்தார் வரும், பூசணி வரும், சேவல் வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கோயில் வளாகத்தில் ஏலம் போடுவார்கள். எல்லாச் சமயத்தாரும் வந்து எடுப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பங்கு ஊறுகாய். பதினொரு ஜாடி. எண்ணெய் வழியாத மூடி, வெள்ளைத் துணிக் குல்லா, என் கையெழுத்தில் சீட்டு. ஊறுகாய் தீர்ந்ததும் ஜாடி மட்டும் எனக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். 'ஜெபகனியம்மா சீட்டு ஒட்டிட்டான்னா அதுக்குள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாக்க வேண்டாம்' என்று ஊரே சொல்லும். திறந்து பார்த்திருக்கலாம்.

போன நவம்பரில், பண்டிகைக்கு முந்தின வாரம், வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சாமான்களையெல்லாம் ஓர் அறையில் குவித்தோம். முடிந்ததும் நானே எடுத்து அடுக்கினேன். என் கண்ணாடி கைப்பையில் இருந்தது. மிகவும் பத்திரமாக இருந்தது. வீட்டுக்குள் கண்ணாடி போட்டுக்கொள்ளும் அளவுக்கு எனக்கு வயதாகிவிடவில்லை என்பது என் கொள்கை. வயது எழுபத்தெட்டுதான் ஆகிறது.

உப்பு நார்த்தங்காயைச் சுருள் சுருளாகத்தானே அரிவோம்? ஊறினால் பழுப்பாகத்தானே போகும்? ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு ஜாடிகள். ஒன்றில் மட்டும் அழுக்கான, மங்கிப்போன, ஓரம் மடங்கிய சீட்டு. அழுக்குச் சீட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? அதன் மேலேயே புதுச் சீட்டை ஒட்டினேன். 'நார்த்தங்காய். உப்பிட்டது. இரண்டு மாதம் ஊறிய பின் திறக்கவும்.' கீழே கையொப்பம். துணிக் குல்லா வைத்துக் கட்டினேன். பெட்டியில் வைத்தேன்.

ஆம்! புரிந்துவிட்டது உங்களுக்கு. முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்கள் வீடு காத்த சுறாவை, என் கையாலேயே, என் கையெழுத்திலேயே, நார்த்தங்காய் என்று சான்றளித்து ஏலத்துக்கு அனுப்பிவைத்தேன்! பீரோவின் மேல் நின்றது என்ன? மெய்யான நார்த்தங்காய். நான்கு வாரம் அந்த நார்த்தங்காயைத் துடைத்து, அந்த நார்த்தங்காய்க்குக் குட்மார்னிங் சொன்னேன். அது ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். இதற்குப் பிறகு சிரிப்பு வராது.

பெட்டியைத் தூக்க வந்தவர் பிச்சைக்கண்ணு. கோயில் சாமான் எதுவானாலும் அவர் வண்டிதான். பதினைந்து ஆண்டுகளாக ஒரு முட்டை உடைந்ததில்லை. பெட்டியைத் தூக்கினார், வண்டியில் வைத்தார், கோயிலில் இறக்கினார், போய்விட்டார்.

டிசம்பரில் ரீபா போன் செய்தார். அவருடைய நிலையத்தில் பழைய கோப்புகளைப் புரட்டும்போது என் கணவரின் எட்டுப் பக்கக் கடிதம் கிடைத்ததாம். "ஆன்ட்டி, சார் சொன்னதுதான் சரி. இந்த இனம் வளந்தாலே இவ்வளவுதான் இருக்கும். அந்த ஜாடி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். மறுநாளே வந்தார். பீரோவைக் காட்டினேன். ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "ஆன்ட்டி... இது எலுமிச்ச ஜாதி."

நான் கண்ணாடியைப் போட்டேன். பார்த்தேன். தப்பு செய்தது யார் என்று யோசித்தேன். என்னை விட்டுவிட்டு யோசித்தேன். பெட்டி தூக்க வந்தவன் ஜாடியைத் தட்டி உடைத்துவிட்டு, அது தெரியாமல் இருக்க ஒரு ஊறுகாய் ஜாடியை அங்கே வைத்துவிட்டான்! எப்படிப்பட்ட மூளை பாருங்கள். ஒரே நிமிடத்தில் துப்பறிந்துவிட்டேன். நான் போட்ட ஊறுகாய் பதினொன்று. ஏலத்தில் போன ஜாடி பதினொன்று. வீட்டில் ஒன்று நிற்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும், அந்தப் பதினொன்றில் ஒன்று என்ன என்று. நான் கேட்கவில்லை. கேட்டால் விடை என் கைப்பையில் இருக்கும் கண்ணாடியைத் தொடும்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் எழுந்து மைக்கைப் பிடித்தேன். எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். பிச்சைக்கண்ணுவை அழைத்து நிறுத்தினார்கள். ஐம்பத்திரண்டு வயது மனிதர்.

"அம்மா, நான் பெட்டியத் தூக்குனேன், வண்டியில வச்சேன், கோயில்ல எறக்குனேன். ஒங்க பீரோ எங்கன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"ஏலே, பொய் சொல்லாத" என்றேன்.

ஐம்பத்திரண்டு வயது மனிதரை ஏலே என்றேன். சபை வேறு வண்டி பிடித்தது. சபை விட்டதும் தெரு விட்டது. கல்யாணத்துக்குப் பீரோ ஏற்றக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சாமான் சுமக்கிறவருக்கு 'உடைத்துவிட்டு மறைப்பவன்' என்று பெயர் வந்தால் அப்புறம் என்ன மிச்சம்?

மார்ச் மாதம். எங்கள் லெந்து விரத காலமும் இஸ்லாமியரின் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின, நினைவிருக்கிறதா? அந்த வாரம் ஒரு காலையில், இதோ இந்த ஹபீப் முகம்மது அண்ணாச்சி ஒரு துணிப்பையோடு என் வீட்டு வாசலில் நின்றார். மேலப்பாளையத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு வருடமும் எங்கள் ஏலத்தில் என் ஊறுகாயை எடுப்பவர்.

"அம்மா, கோவிச்சுக்கிடாதிய. நேத்து நோம்பு தொறக்கையில கஞ்சிக்குத் தொட்டுக்கலாம்னு ஒங்க நார்த்தங்காயத் தொறந்தோம்."

"நல்லா ஊறியிருந்திச்சா?" என்றேன், பெருமையாக.

"ஊறியிருந்திச்சும்மா. ஆனா அது எங்கள மொறச்சுப் பாக்குது."

பைக்குள்ளிருந்து ஜாடியை எடுத்தார். மூடியைச் சுற்றி நான்கு பிளாஸ்டிக் உறை. "வாட தாங்கல. ஊட்ல சித்தி ஜனாபா கரண்டிய வுட்டு எடுத்தா. 'யா அல்லா, வாலு வச்ச நார்த்தங்காய இப்பத்தான் பாக்கேன்'னு கரண்டியப் போட்டுட்டு ஓடுனவதான், ராத்திரி வரைக்கும் அடுப்படிப் பக்கம் வரல. நாந்தான் சொன்னேன், ஜெபகனியம்மா சீட்டு பொய் சொல்லாது, இது புது ஜாதிக் காயா இருக்கும்னு. சீட்ட நம்புததா கண்ண நம்புததான்னு ஊட்ல ஒரே தகராறு."

அந்தத் தகராறில் என் பக்கம் நின்ற ஒரே மனிதர் இவர்தான். கண்ணால் கண்ட பிறகும் என் கையெழுத்தை நம்பியவர்.

ஈரத்தில் என் சீட்டு உரிந்து அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் என் கணவரின் கறுப்பு மை. முப்பத்தெட்டு வருட எழுத்து. ஒரு எழுத்துகூட அழியவில்லை. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சிக்குப் புரிந்தது. மெல்லச் சொன்னார்: "பயப்படாதிய. நான் ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டேன்."

சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை! லெந்து நாற்பது நாளும் கறி மீன் தொடவில்லை நான். காலையும் மாலையும் ஜெபம் தவறவில்லை. ஒரு மனிதனின் நல்ல பெயரை மட்டும் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் விரதம் இருந்தேன்.

ஜாடி கிடைத்துவிட்டது என்று மட்டும் ரீபாவுக்குச் சொன்னேன்; மறுபடி வந்தார். 'வளர்ந்த மீன் என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டும், ஆனால் சாரின் மீனை அறுக்க எனக்கு மனமில்லை' என்றார். நான் பெர்லினிடம் அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுக்கிற இடம். வரிசையில் ஒன்பது கர்ப்பிணிப் பெண்கள், பத்தாவதாக மடியில் ஜாடியோடு நான். வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்:

"பேஷண்ட் வயசு?"

"முப்பத்தெட்டுக்கு மேல."

"தண்ணி நெறையக் குடிச்சிட்டு வந்திருக்காங்களா?"

"முப்பத்தெட்டு வருஷமா முங்கிக் கெடக்காங்க."

அப்போதுதான் நிமிர்ந்தாள். 'காப்பாளர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நானே பேனாவை வாங்கி எழுதினேன்: தேவதாசன்.

பெர்லின் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி இதை அதில் கிடத்தி, கருவியை வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். சுவரில் பெரிய எழுத்தில் பலகை: 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.' அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு இருக்கு ஆன்ட்டி. இதுக்கு மேல சட்டப்படி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தாய்மார்களே! குட்டி என்றார்களே, குட்டி! முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் குட்டி, குட்டி என்று கூவினார்களே! அந்தக் குட்டியின் வயிற்றில் இரண்டு குட்டி! இந்த இனம் ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோதான் ஈனும் என்கிறார் ரீபா. முழுதாய் வளர்ந்து, முறையாய்ச் சூல்கொண்டு, பெறுவதற்கு முன்பே வலையில் அகப்பட்ட தாய் அது. இப்போது தட்டுங்கள். இது தட்ட வேண்டிய இடம். தலைவர் அவர்களும் தட்டலாம். ஆ, எழுந்து நின்றே தட்டுகிறார்! நன்றி ஐயா. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு உங்கள் மேல் கோபமே கிடையாது. எனக்குத்தான் இருந்தது. இத்தோடு தீர்ந்தது.

தட்டியது போதும். உட்காருங்கள்.

செய்தி பரவியது. சபையார் என்னைப் பாராட்டத் தேநீருக்கு அழைத்தார்கள். அங்கே ஒருவர் சொன்னார்: "பாத்தியளா, ஒடைக்கல, ஒளிச்சிருக்கான். பயந்துபோய் பிச்சைக்கண்ணுதான் திருப்பி வச்சிருப்பான். கடவுள் விடுவாரா?" எல்லாரும் தலையாட்டினார்கள். நான் என்ன செய்தேன்? தேநீரைக் குடித்தேன். சர்க்கரை குறைவு என்று குறைகூடச் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவின் முன்னால் நின்றேன். ஜாடி ரீபாவிடம் இருந்தது; இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடம் என்னைக் கேட்டது. சிறியதாக இருந்ததால் அதைக் குட்டி என்றார்கள்; கேட்டு நீ கொதித்தாய். சுமை தூக்குகிறவன் என்பதால் அவரைப் பொய்யன் என்றாய். அதற்கு யார் கொதிக்க வேண்டும்? எட்டுப் பக்கம் எழுதியவருக்கு ஒரு வரியில் பதில் வந்ததே என்று அழுதாயே. ஐம்பத்திரண்டு வயது மனிதர் மன்றாடியபோது நீ எத்தனை வார்த்தையில் பதில் சொன்னாய்? மூன்று வார்த்தை. ஏலே, பொய் சொல்லாத.

அவர் வீட்டுக்குப் போய், கதவருகே நின்று, காதோடு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். மைக்கில் சொன்ன பொய்யைக் காதில் சொல்லித் திருத்துவது எந்த அலுவலக நடைமுறை? திருத்தம் எப்போதும் பிழை வெளிவந்த அதே பக்கத்தில்தான் வர வேண்டும். ஆகவே, சபையார் அனைவரும் இருக்கும் இந்த மண்டபத்தில், மைக்கில் சொல்லுகிறேன்.

பிச்சைக்கண்ணு ஜாடியை உடைக்கவில்லை. எடுக்கவில்லை. தொடவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஜாடியை மாற்றியவள் நான். சீட்டு ஒட்டியவள் நான். தெரிந்த பிறகும் நாற்பது நாள் மறைத்தவள் நான். சித்தி ஜனாபா அவர்கள் என் சீட்டை எறியாமல் புத்தகத்துக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள். நான் கேட்டதும் கொண்டு வந்திருக்கிறார்கள். 'நார்த்தங்காய். உப்பிட்டது.' என் கையொப்பத்தோடு அது, இனி இந்த ஜாடி இருக்கப்போகும் கழகத்தின் காட்சியறையில், ஜாடிக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டுத் தொங்க வேண்டும். இது என் வேண்டுகோள் அல்ல, நிபந்தனை.

பிச்சைக்கண்ணு, மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள் தம்பிமாரே. மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்களும் எழுந்திருங்கள்.

வந்துவிட்டார். பிச்சைக்கண்ணு, என்னை மன்னிப்பீர்களா? மைக்கில் சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

என்ன சொல்கிறார் என்று கடைசி வரிசையில் கேட்கிறீர்களா? மைக்கைப் பார்த்துப் பயந்து தள்ளி நின்று சொல்கிறார். நான் அப்படியே சொல்கிறேன். "நாலு மாசம் ஒருத்தனும் வண்டிக்குக் கூப்பிடலம்மா. ஒங்கள நெனச்சு நெனச்சு நல்லா வைதேன். இப்ப அதையும் சொல்லிட்டேன், சரியாப் போச்சு" என்கிறார். வைதது எனக்குத் தகும்.

இன்னும் சொல்கிறார். "அடுத்த பண்டிகைக்கு ஒங்க பெட்டிய நாந்தான் தூக்குவேன். ஆனா சீட்ட கண்ணு தெரிஞ்ச யாராவது ஒட்டட்டும்."

சம்மதம்! சபை முன்னிலையில் சம்மதம்! சபைப் பொறுப்பாளர்களே, வண்டியும் அவருடையதுதானே? கை தூக்குங்கள். எல்லாக் கையும் தெரிய வேண்டும். இன்று நான் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

இப்போது துணியை விலக்குங்கள் பிச்சைக்கண்ணு. பைய. அப்படித்தான்.

நாலு மாதம் தன் பெயரைக் கெடுத்ததை முதன்முதலாகப் பார்க்கிறார். குனிந்து பார்க்கிறார். பக்கவாட்டில் பார்க்கிறார். சொல்லுங்கள், என்ன தோன்றுகிறது?

"யம்மா, இத்துனூண்டு குட்டியால்லா இருக்கு!"

சிரிக்காதீர்கள்! அவரைப் பார்த்துச் சிரிக்க இங்கே எவருக்கும் உரிமை இல்லை; நாம் முப்பத்தெட்டு வருடம் சொன்னதைத்தான் அவர் ஒரு முறை சொன்னார். குட்டி இல்லை பிச்சைக்கண்ணு. தாய். வயிற்றில் இரண்டு பிள்ளை.

கையைக் கூப்புகிறார் பாருங்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, ஜாடிக்குக் கையைக் கூப்புகிறார்! இந்த மண்டபத்தில் இத்தனை படித்தவர்கள் இருக்கிறோம். இது நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிஸ்டர் தேவதாசன், பார்த்தீர்களா? இனி அந்த ஜாடியை நான் திரும்பக் கேட்கமாட்டேன்.

பொறுமையோடு மணி அடித்த தலைவருக்கும், அறுக்காமல் அறிந்த ரீபாவுக்கும், சட்டத்தை மீறாமல் உண்மை சொன்ன பெர்லினுக்கும், என் மானத்தைக் காத்த அண்ணாச்சிக்கும், என் சீட்டைக் காத்த சித்தி ஜனாபாவுக்கும், நாற்காலிகளோடு மன்னிப்பையும் சுமந்து வந்த பிச்சைக்கண்ணுவுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, வேண்டாத இடத்திலும் சிரித்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. போகும்போது வாசலில் நார்த்தங்காய் வைத்திருக்கிறேன். பீரோவின் மேல் நான்கு வாரம் குட்மார்னிங் வாங்கிய அதே நார்த்தங்காய்தான். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்து பார்த்துவிட்டேன், வால் இல்லை. வணக்கம்.